பிழையான நிரலையும் வாசிக்கும் கம்பைலர் வேண்டும்: வன்னிப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் கணினி அறிவியலும் கணினிப் பொறியியலும் கற்பிக்கும் பீடங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு, ஓராண்டு முழுவதும் நீளும் தெரிவுப் பாடமாகப் பார்சிங்கையும் (நிரலை வாசித்து அதன் அமைப்பை இலக்கணப்படி பிரித்தறிதல்) கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) கட்டுவதையும் ஆழமாகக் கற்பியுங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன். அறிமுகப் பாடத்தை நான் சொல்லவில்லை. ஒரு மொழிக்கு இலக்கணம் வகுத்து, அதற்குப் பார்சர் எழுதி, இடைநிலைக் குறியீடாக மாற்றி, கணினியில் ஓடும்வரை கொண்டுபோகும் பாடத்தைக் கேட்கிறேன். அதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாணவர் கட்டிய கம்பைலருக்குப் புள்ளியிடும்போது, சரியான நிரலை அது எப்படி மொழிபெயர்க்கிறது என்பதற்குப் பாதிப் புள்ளியும், பிழையான நிரலை எப்படி நடத்துகிறது என்பதற்கு மீதிப் பாதியும் கொடுங்கள்.

இதைக் கேட்கும் நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில், ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவன். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் முதல் தனித்து இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. கணினி படிக்க ஊரைவிட்டு வெகுதூரம் போகவேண்டியிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு இவை எவ்வளவு பெரிய வரவு என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே இந்த வேண்டுகோளை வேறெங்கும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிழையான நிரலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சாதாரண தரத்துக்கு நாங்கள் கற்பித்துவருவது பஸ்கால் என்ற நிரல்மொழி. பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி, புள்ளி 35 அல்லது அதற்கு மேல் என்றால் ‘சித்தி’ என்றும், இல்லையென்றால் ‘சித்தியில்லை’ என்றும் அச்சிடும் நிரலை எழுதுகிறாள். கூற்று முடிந்தால் அரைப்புள்ளி என்பது கைப்பழக்கமாகிவிட்டதால், ‘இல்லையென்றால்’ எனப் பொருள்படும் ‘எல்ஸ்’ என்ற சொல்லுக்கு முந்திய வரியின் கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி இட்டுவிடுகிறாள். பஸ்காலில் அது அங்கே வரக்கூடாது. ஃப்ரீ பஸ்கால் கம்பைலர் தரும் செய்தியின் பொருள் இதுதான்: அரைப்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது, ஆனால் ‘எல்ஸ்’ காணப்பட்டது. அவள் சொற்படி நடக்கும் பிள்ளை. கேட்ட அரைப்புள்ளியைக் கொடுக்கிறாள். அதே செய்தி வருகிறது. இன்னொன்றும் கொடுக்கிறாள். மறுபடியும் அதே செய்தி.

கம்பைலர் பொய் சொல்லவில்லை. அரைப்புள்ளியைக் கண்டதும் பார்சரைப் பொறுத்தவரை ‘இஃப்’ கூற்று முடிந்துவிட்டது. இனி வருவது புதிய கூற்று. பஸ்கால் இலக்கணம் வெற்றுக் கூற்றையும் ஏற்கும். ஆகவே ‘எல்ஸ்’ எதிர்ப்பட்டதும், அதற்கு முன் ஒன்றுமேயில்லாத ஒரு கூற்று இருந்ததாகக் கொண்டு, அதை முடித்துவைக்கும் அரைப்புள்ளியைப் பார்சர் தேடுகிறது. எத்தனை அரைப்புள்ளி இட்டாலும் அத்தனை வெற்றுக் கூற்றுகள் கூடுமே தவிரச் செய்தி மாறாது. இலக்கணத்தின்படி நூறு வீதம் சரியான செய்தி, நீக்கவேண்டிய குறியை மேலும் சேர் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. டெல்பி கம்பைலரில் இதே தவறுக்கென்று தனிச் செய்தி உண்டு: ‘எல்ஸ்’ என்பதற்கு முன் அரைப்புள்ளி கூடாது. இந்தத் தவறு மனிதர்களிடம் எப்படி வருகிறது என்பதை அறிந்த ஒருவர் பார்சருக்குள் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரை உருவாக்கும் படிப்பைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நகரத்துப் பிள்ளைக்கு ரியூஷன் வகுப்பு இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடிய அண்ணனோ அக்காவோ பக்கத்து வீட்டிலாவது இருப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் பாடசாலை மணியடித்ததும் பஸ் பிடித்து ஓடவேண்டியவர்கள். அதன்பின் அவர்களுக்கு நிரலாக்கம் பற்றிப் பேச ஆளில்லை. திரையில் வரும் பிழைச் செய்தி ஒன்றுதான் பேசும். அது தமிழில் பேசவேண்டும் என்பது ஒரு பக்கம். ஃப்ரீ பஸ்காலின் செய்திகள் தனிக் கோப்பில் இருப்பதால் அதைச் செய்வது கடினமுமல்ல. ஜேர்மன், ரஷ்ய, ஸ்பானிய மொழிகளில் அத்தகைய கோப்புகள் உள்ளன. ஆனால் பிழையைத் தவறாகக் கணித்த பார்சரின் செய்தி எந்த மொழியில் வந்தாலும் தவறாகவே வரும். கணிப்பைத் திருத்தப் பார்சிங் தெரிந்தவர் வேண்டும்.

உயர்தரத்தில் கற்பிக்கும் பைதன் மொழியிலும் இதே கதைதான். மாணவன் ஒருவன் ஒரு வரியில் அடைப்புக்குறியைத் திறந்து, மூட மறந்துவிடுகிறான். அடுத்த வரி முற்றிலும் சரியானது. பழைய பைதன் அந்தச் சரியான வரியைச் சுட்டிக்காட்டி, தொடரமைப்புத் தவறு என்று மட்டும் சொல்லும். அவனோ சரியான வரியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பான். மேல் வாய்க்காலில் உடைப்பிருக்க, கடைமடை வயலில் நின்று மண்வெட்டி போடுவது போன்ற வேலை இது. பார்சர் இடமிருந்து வலமாக வாசிக்கிறது. இதுவரை வாசித்த பகுதி ஏதாவதொரு சரியான நிரலின் தொடக்கமாக இருக்க வாய்ப்புள்ளவரை அது வாய் திறக்காது. அடைப்புக்குறிக்குள் வரிமுறிவைப் பைதன் பொருட்படுத்தாது என்பதால், அடுத்த வரியின் முதற்சொல்லில்தான் அந்த வாய்ப்பு முறிகிறது. பிழையை முடிந்தவரை விரைவில் கண்டுபிடிப்பது எல்எல், எல்ஆர் என்ற இரு பார்சிங் முறைகளின் பெருமை என்று பாடநூல்கள் சொல்கின்றன, அது உண்மையே. ஆனால் பிழை தெரியவரும் இடமும் பிழை நேர்ந்த இடமும் வேறு. இந்த வேறுபாட்டை ஓர் ஆண்டு முழுவதும் ஆராய்ந்தாலும் தகும்.

பைதனின் கதை இதோடு முடியவில்லை. பைதனை உருவாக்கிய கீடோ வான் ராசம் தொடக்கத்தில் எழுதிய, எல்எல் வகையைச் சேர்ந்த எல்எல்(1) பார்சர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நின்றது. 2020 இல் வந்த பைதன் 3.9 அதற்குப் பதிலாக, பிரையன் ஃபோர்ட் 2004 இல் முன்வைத்த பெக் இலக்கண முறையில் (விதிகளை வரிசையாக முயன்று முதலில் பொருந்துவதை ஏற்கும் முறை) எழுதிய புதிய பார்சரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த 3.10, ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவேயில்லை’ என்று திறந்த குறியையே சுட்டிக்காட்டத் தொடங்கியது. உள்ளே நடப்பது எளிமையும் அழகும் கொண்ட ஒன்று. முதல் வாசிப்பில் சரியான இலக்கணம் மட்டும். அது தோற்றால் மட்டும் இரண்டாம் வாசிப்பு. அதில் மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் இலக்கண விதிகளாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். தவறுக்கும் இலக்கணம் எழுதலாம் என்ற இந்த எண்ணத்தை ஒரு வகுப்பறையில் முதன்முறை கேட்கும் மாணவனின் முகத்தைக் காண எனக்கு ஆசை. எங்கள் கூடத்தின் பழைய கணினிகளில் இருப்பது விண்டோஸ் 7. பைதன் 3.9 அதில் இயங்காது, 3.8 தான் கடைசி. ஆகவே உலகம் தீர்த்துவிட்ட அந்த அடைப்புக்குறிச் சிக்கல் எங்கள் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது.

பார்சிங் 1970களிலேயே முடிந்துபோன விடயம், கருவிகள் தாராளமாக இருக்கின்றன, பிறகு ஏன் ஓர் ஆண்டை அதற்குக் கொடுக்கவேண்டும் என்று குழுவில் யாராவது கேட்பீர்கள். முடிந்துபோயிருந்தால் பைதன் ஏன் 2020 இல் பார்சரை மாற்றியது? ஜிசிசி என்ற கம்பைலர், இலக்கணத்திலிருந்து பார்சரைத் தானே எழுதித் தரும் பைசன் கருவி உருவாக்கிய சி++ பார்சரைக் கைவிட்டு 2004 இல் கையால் எழுதிய பார்சருக்கு ஏன் மாறியது? கிளாங் என்ற கம்பைலரின் பார்சர் ஏன் கையாலேயே எழுதப்பட்டது? சரியான நிரலை வாசிக்கும் கணக்குத்தான் பெருமளவுக்குத் தீர்ந்தது. தவறான நிரலை வாசிக்கும் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

நான் படித்த இடத்தில் இந்தப் பாடம் நடந்த விதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பார்சர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் எல்எல்(1) அட்டவணையையும் எல்ஆர் அட்டவணையையும் தாளில் நிரப்பினோம். அட்டவணையை நிரப்பத் தெரிந்தவர் சித்தியடைந்தார். ஒரு நிரலையாவது வாசிக்கும் பார்சரை எங்களில் யாரும் எழுதவில்லை; எழுதச் சொன்னவரும் இல்லை. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அட்டவணையும் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து, மாணவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை வந்தபோது, கட்டிப் பார்த்துத்தான் அந்தக் கோட்பாடு எவ்வளவு ஆழமானது என்று புரிந்துகொண்டேன்.

கோட்பாட்டைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டச் சொல்கிறேன். டொனால்ட் நூத் 1965 இல் எழுதிய எல்ஆர் கட்டுரையை மாணவர் நேரடியாகவே வாசிக்கட்டும். அதன் அட்டவணைகள் அன்றைய கணினிகளுக்குப் பெரிதாக இருந்ததால் 1969 இல் ஃபிராங்க் டிரெமர் எல்ஏஎல்ஆர் என்ற சுருக்கத்தைக் கண்டார்; பார்சர்களை உருவாக்கும் யாக் கருவி அதன் மேல் எழுந்தது. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அறிமுகப் பாடத்தில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பிழையான டோக்கனை (நிரலின் ஒரு சொல்லை அல்லது குறியை) எல்ஏஎல்ஆர் பார்சர் ஒருபோதும் உள்ளே ஏற்காது என்றாலும், பிழை என்று அறிவிப்பதற்குள், வாசித்ததை வைத்திருக்கும் அடுக்கில் சில குறுக்கங்களைச் (துண்டுகளை ஓர் இலக்கண அலகாக மாற்றுவதை) செய்துவிடும். அப்போது, அந்த இடத்தில் வேறு எவையெல்லாம் வந்திருக்கலாம் என்ற தகவல் பழுதாகிவிடும். ‘இது எதிர்பார்க்கப்பட்டது’ என்ற பட்டியல் குறைபட்டோ தவறாகவோ வரும். இதைச் சரிசெய்யப் பைசனில் பின்னாளில் தனி நுட்பமே சேர்க்கப்பட்டது. அட்டவணை நிரப்பும் வேலையை ஒரு கிழமையில் முடித்துவிட்டு, இதை ஒரு மாதம் பேசலாம்.

ஜே ஏர்லி 1970 இல் வெளியிட்ட பொதுப் பார்சிங் முறையும், தொமிட்டா 1980களில் வளர்த்த பொதுமைப்படுத்திய எல்ஆர் முறையும் இந்தப் பாடத்தில் இடம்பெறவேண்டும். ஒரே தொடரைப் பல விதமாகப் பிரிக்க இடந்தரும் ஐயமான இலக்கணத்துக்கு அவை அஞ்சுவதில்லை. இயற்கைமொழி ஆய்வுக்குப் போக விரும்பும் மாணவருக்கும் அவை பயன்படும்.

பிழை திருத்தம் பற்றிய ஆய்வில்தான் எங்கள் மண்ணுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது என்று நம்புகிறேன். லண்டனில் லூக்காஸ் டீக்மனும் லாரன்ஸ் டிராட்டும் 2020 இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். எல்ஆர் பார்சர் பிழையில் நின்றவுடன், எந்த டோக்கன்களைச் சேர்த்தால் அல்லது நீக்கினால் மிகக் குறைந்த மாற்றத்தில் மேலே போகலாம் என்று அது தேடுகிறது. ப்ளூஜே என்ற கற்றல் கருவியில் மாணவர்கள் எழுதிய 2 இலட்சம் பிழையான ஜாவா நிரல்களில் அதைச் சோதித்தார்கள். 98 வீதத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அரை விநாடிக்குள் திருத்த முடிந்தது. பெரிய சாதனை. ஆனால் அந்த முறை பிழை தெரிந்த இடத்திலிருந்து முன்னோக்கியே திருத்துகிறது. எங்கள் மாணவியின் அரைப்புள்ளியோ அதற்குப் பின்னால் கிடக்கிறது. ஏற்கெனவே வாசித்து முடித்த டோக்கன் அது. 1987 இல் பர்க், ஃபிஷர் என்ற இருவர், சில டோக்கன்கள் பிந்தியே முடிவெடுக்கும் பார்சரைக் கொண்டு பின்னோக்கியும் திருத்தலாம் என்று காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, தமிழ்மொழி மூலம் கற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் பஸ்கால் நிரல்களில் சோதித்துப் பார்க்க ஓர் இறுதியாண்டு மாணவரால் முடியாதா? முதுமாணி ஆய்வுக்கும் போதுமான கேள்வி இது.

அதற்கு வேண்டிய தரவு எங்களிடம் இருக்கிறது. வன்னிப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களில் பிழையான நிரல்கள் நாள்தோறும் எழுதப்பட்டு, நாள்தோறும் அழிக்கப்படுகின்றன. ஒரு சிறிய நிரல் போதும்: கம்பைலரை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தின் மூலக்கோப்பைப் பிரதியெடுத்து வைக்கும். பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் அதில் இருக்கக்கூடாது. பெற்றோரின் ஒப்புதலும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல் ஒரு கோப்பும் வெளியே போகக்கூடாது. ஒரு தவணையில் சேரும் கோப்புகளே, எங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதைக் காட்டத் தொடங்கிவிடும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் வெளியூர்ப் பாடநூல் எதுவும் எங்களுக்காக இதைச் செய்து தராது. நிரலை டோக்கன்களாகப் பிரிக்கும் பகுதியைப் பைதனில் எழுதும் மாணவர், எழுத்தையும் இலக்கத்தையும் பிடிக்கும் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களைத் தேடும் விதியை) போடுகிறார். மாறிக்கு ‘நெல்’ என்று பெயர் வைத்துப் பார்க்கட்டும். ‘ந’ ஒரு துண்டு, ‘ல’ ஒரு துண்டு. நடுவில் இருந்த கொம்பும் கடைசிப் புள்ளியும் எழுத்தல்ல என்று வெளியே தள்ளப்படும். யுனிகோட் வகைப்பாட்டில் அவை சார்புக் குறிகள் என்பதே காரணம். பைதன் மொழியோ தன் மாறிப் பெயர்களில் இவற்றைச் சரியாகவே ஏற்கிறது. அடுத்தது ‘கொ’. அதை ககரமும் ஒற்றைக் குறியுமாகவும் சேமிக்கலாம், ககரமும் ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே வடிவமாக்காத கம்பைலருக்கு ‘கொள்ளளவு’ என்ற ஒரே பெயர் இரண்டு மாறிகளாகிவிடும், அந்தப் பிழையைக் கண்ணால் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. பிழையின் இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் தமிழ் வரியில் இரண்டு மூன்று எழுத்து தள்ளியே நிற்கும், குறிகளை எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால். முத்து அண்ணாமலை தமிழில் எழுதக்கூடிய ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கி, இந்த வழியில் ஏற்கெனவே நடந்து காட்டியிருக்கிறார்.

கம்பைலரின் பின்பாதியைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை வகுக்க உங்களுக்கே நன்றாகத் தெரியும். எஸ்எஸ்ஏ வடிவமும் (ஒவ்வொரு மாறிக்கும் ஒரே இடத்தில் மட்டும் மதிப்பிடும் இடைநிலைக் குறியீடு), 1980களின் தொடக்கத்தில் சைட்டின் காட்டிய வரைபட நிறமிடல் வழிப் பதிவேட்டு ஒதுக்கீடும் (மாறிகளைச் செயலியின் சில வேக நினைவிடங்களில் பங்கிடுதல்) கட்டாயம் வேண்டும். சோதனை பற்றிய பகுதியில், யூட்டா பல்கலைக்கழகத்தினர் சீஸ்மித் என்ற கருவியால் நடைமுறைக் கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்து 2011 இல் வெளியிட்டதை மாணவர் அறியவேண்டும். கம்பைலரும் மனிதர் எழுதிய நிரல்தான் என்ற தெளிவு அங்கே வரும்.

செலவு என்ற கேள்விக்கு என்னிடம் மகிழ்ச்சியான பதில் இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. 1983 இல் அண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க் எழுதிய டர்போ பஸ்கால் 64 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினிகளில் ஓடியது. நிக்லாஸ் விர்த் பஸ்காலை ஒரே வாசிப்பில் மொழிபெயர்க்கக்கூடியதாகவே வகுத்தார். அந்த மொழியின் ஒரு சிறு பகுதிக்கு, அடுக்கு இயந்திரத்துக்கு (மதிப்புகளை அடுக்கில் வைத்தெடுத்துக் கணக்கிடும் எளிய மாதிரிக் கணினிக்கு) மொழிபெயர்க்கும் கம்பைலரை ஒரு மாணவர் தன் பழைய மடிக்கணினியிலேயே ஓர் அரையாண்டில் எழுதிவிடலாம். மின்தடை வந்தாலும் மின்கலம் உள்ளவரை வேலை நடக்கும், இணையமும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கு ஒதுக்கும் நிதியில் கைவைக்கச் சொல்லவில்லை. அது எழுதித் தரும் நிரலும் கடைசியில் ஒரு பார்சரின் முன்தான் வந்து நிற்கிறது.

தொழில்வாய்ப்பு பற்றிய கவலை நியாயமானது. இலங்கையில் இதற்கு இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம் பெலரினா என்ற நிரல்மொழியை இங்கேயே உருவாக்கி, அதன் 1.0 பதிப்பை 2019 இல் வெளியிட்டது. தரவுத்தள வினவல், வலைப்பக்கம், வங்கிகளுக்கிடையே போகும் செய்தி என எல்லாவற்றையும் ஏதோ ஒரு பார்சர் வாசித்தே ஆகவேண்டும். உள்ளீட்டைக் கவனமாக வாசிக்காத நிரல்களால் நேர்ந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கணக்கில்லை. இந்தத் திறன் கொண்ட பட்டதாரி எந்த நிறுவனத்துக்குப் போனாலும் மற்றவர் தொடத் தயங்கும் வேலையை எடுத்துச் செய்வார்.

பாடத்தை ஒரே பீடத்தால் தனித்து நடத்தமுடியாவிட்டால் சேர்ந்து நடத்துங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள மாணவர்களுக்கு ஒரே ஒப்படை, ஒரே சோதனைக் கோப்புகள், ஆண்டிறுதியில் ஒருவர் கட்டிய கம்பைலரை மற்றவரின் பிழையான நிரல்களால் சோதிக்கும் ஒரு நாள். அந்த நாளுக்கு எங்கள் உயர்தர மாணவர்களையும் அழையுங்கள். பிழை செய்வதில் அவர்களைவிட நல்ல சோதனையாளர் கிடைக்கமாட்டார்கள், அவர்கள் அதைப் பெருமையோடு செய்வார்கள்.

அடுத்த பாடத்திட்ட மீளாய்வில் இதை எடுத்துக்கொள்வீர்கள் என்றால், பிழைக் கோப்புகளைச் சேர்க்கும் பணியை எங்கள் பாடசாலையில் தொடங்க ஆயத்தமாக இருக்கிறேன். பக்கத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடமும் பேசுகிறேன். ஒப்புதல் படிவத்தின் வரைவை உங்கள் பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு பார்த்துத் திருத்தித் தரவேண்டும். பாடசாலை விடுமுறையில் எந்த நாளானாலும் பம்பைமடுவுக்கோ அறிவியல்நகருக்கோ வந்து உங்கள் குழுவைச் சந்திக்கிறேன்.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.